மாத்திரை இல்லாத ஆறு வாரம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், கையில் புதிதாக வெட்டுக்காயம் ஏதும் உண்டா என்று முதலில் எழுது. கண்ணாடிப் பட்டறைக்காரனிடம் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

போன வாரம் நீ ஃபோன் செய்ததாகப் பாப்பா சொன்னாள். என்னிடம் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இடது காது சுத்தமாகப் போயிற்று. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் உண்டு. ஃபோனில் நான் பேசுவது தெரு முழுக்கக் கேட்கும், நீ பேசுவது எனக்கு மட்டும் கேட்காது. நமக்குக் கடிதம்தான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையில் கட்டி என்றேனே, அது வளர்ந்துவிட்டதாம். எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. புற்று இல்லை, பயப்படாதே. "வெச்சிருந்து என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று ஏதோ பழைய அலமாரியைக் கேட்பதுபோல் கேட்டார். மார்ச் முதல் வாரம் ஆபரேஷன். அதன்பின் ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. உன் அத்தான் கப்பலை விட்டு இறங்க ஆகஸ்ட் ஆகும். பாப்பாவுக்கு மூன்றாம் வருஷப் பரீட்சை. ஜெராக்ஸ் கடையை அத்தனை நாள் பூட்டி வைத்தால், கோர்ட்டில் இருந்து வருகிற குமாஸ்தாக்கள் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார்கள். நீ வந்து இருக்க முடியுமா?

பாப்பா ஃபார்மசி படித்தாலும் படித்தாள், வீட்டில் ஒரு மாத்திரை அட்டை இருக்க முடியவில்லை. எடுத்துத் திருப்பிப் படித்து, "இது எதுக்கு, யார் எழுதிக் குடுத்தாங்க?" என்று ஒரே விசாரணை. போன மாதம் எதிர் வீட்டு அம்மா வந்த இடத்தில் தண்ணீர் வாங்கி ஒரு மாத்திரை போட்டார். அட்டைகூட இல்லை. நிறத்தையும் அதில் இருந்த எழுத்தையும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு வலிப்பு வருமா?" என்று கேட்டுவிட்டாள்! அந்த அம்மா அதன்பின் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நீ வந்துதான் இவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

பதில் போடு.

உன் அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள். கையில் காயம் இல்லை, மேஸ்திரி இப்போது உறை போடாமல் கண்ணாடியைத் தொட விடுவதில்லை.

கண்டிப்பாக வருகிறேன். முதலாளி முகத்தைச் சுளித்தார், சுளித்துவிட்டுப் போகட்டும். நான் லீவு கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் எடுக்கத் தெரியும், வக்கீல்களிடம் சிக்கினால்தான் என்ன செய்வது என்று தெரியாது.

எனக்கு எங்கே படுக்கை? மாடி அறை காலியாக இருக்கிறதா? பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு சின்ன அலமாரி இருந்தால்கூடப் போதும். சும்மாதான் கேட்டேன்.

எதிர் வீட்டு அம்மா கதையைப் படித்துச் சிரித்தேன். பாப்பா நிஜமாகவே ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறாளா?

அன்புடன்
தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நீ வருகிறேன் என்று எழுதியதும் பாதி நோய் போய்விட்டது.

மாடி அறையை வாடகைக்கு விட்டாயிற்று. உனக்கு ஹாலில்தான் கட்டில். அங்கேதான் பாப்பாவின் மேஜையும். விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பாள், கொஞ்சம் பொறுத்துக்கொள். இந்த வீட்டில் பூட்டுகிற அலமாரி ஏது? பூட்டு இருந்தால் சாவி இருக்காது. என்ன, தங்கக் கட்டியா கொண்டு வரப் போகிறாய்?

பாப்பாவைப் பற்றிக் கேட்டாயே, அதை ஏன் கேட்கிறாய். உன் அத்தானின் பிரஷர் மாத்திரையைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கே ஃபோன் போட்டுப் பாடம் எடுத்தாள். அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் யாரும் ஒரு தலைவலி மாத்திரைகூட விழுங்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவேன். ஒரே ஒரு பைதான், அதில் நாலு சட்டை. மருந்து மாத்திரை எதுவும் கிடையாது, உன் தம்பி கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறான் என்று பாப்பாவிடம் சொல்லிவை.

மற்றவை நேரில்.

தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரி போடவில்லையே. எனக்குத் தையல் ஆறிவிட்டது. கொஞ்சம் அதிகம் நடந்தால் இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நேற்று முதல் கடையில் உட்காருகிறேன்.

நீ இருந்தபோது தெரியவில்லை, போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. மெஷினுக்கு நீ வைத்த ரப்பர் உருளை இன்னும் சிக்காமல் ஓடுகிறது. குமாஸ்தாக்கள் எல்லாம் "தம்பி எங்கேம்மா?" என்று கேட்கிறார்கள். பாதி பேர் கேட்பது எனக்குக் கேட்பதில்லை, நானும் தலையை ஆட்டிவைக்கிறேன்.

கோர்ட்டில் தட்டச்சு செய்கிற அந்தப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? கணவன் போய் நாலு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. உன்னிடம் நகல் எடுக்க வரும்போதெல்லாம் ஒரு பக்கத்தை மறந்துவிட்டு மறுபடி வருவாளே, அவள்தான். மறதி அவ்வளவு அழகாக யாருக்கும் வராது. நான் பேசிப் பார்க்கட்டுமா? உனக்கும் முப்பத்தாறு முடியப் போகிறது. எத்தனை நாள் தனியாகப் பொங்கித் தின்பாய்?

ஒன்று கேட்க வேண்டும். கடைசி வாரம் சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தாய். என் சமையல் மீது பழியைப் போடலாம் என்று பார்த்தேன், சமைத்ததே நீதான். உடம்புக்கு என்ன?

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறியது சந்தோஷம். பதில் தாமதம், பட்டறையில் வேலை அதிகம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, வாயுத் தொந்தரவு. கொஞ்சம் அசதி.

அந்தப் பெண்ணிடம் எதுவும் பேச வேண்டாம். நல்ல பெண், அதனால்தான் சொல்கிறேன். கண்ணாடி வெட்டுகிறவனைக் கட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கக் காலில் குத்தும்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தம்பி

மே 13

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை எடுத்துப் பார்த்ததில் இருந்து மனசு சரியில்லை. நீ பகலில் படுக்கிற ஆள் இல்லை.

பாப்பா என் தலைமாட்டில் நின்றுகொண்டு இதை எழுதச் சொல்கிறாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா? சிறுநீர் என்ன நிறம்? இரண்டுக்கும் பதில் வேண்டுமாம். அதோடு, "மாமாவை உடனே அவரோட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்கிறாள். "அது என்னடி அவனோட ஆஸ்பத்திரி?" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

நீயாவது சொல்.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. பாப்பா பக்கத்தில் இருந்தால் நல்லது.

நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வந்து பத்து நாள் இருக்கும். பாப்பா கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில், ஆமாம். கண் மஞ்சள், சிறுநீர் கறுப்புத் தேநீர். வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. மேஸ்திரிதான் ஆட்டோவில் போட்டுக் கொண்டு வந்தார்.

சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது அக்கா. ஐந்து வருஷமாக. எப்படி, யாரிடமிருந்து என்று கேட்காதே. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அந்த ஆளும் இப்போது உயிரோடு இல்லை.

தினம் ஒரு மாத்திரை. சாப்பிட்டால் எல்லோரையும் போல வாழலாம் என்றார்கள், அப்படித்தான் வாழ்ந்தேன். உன் வீட்டுக்கு வரும்போது அதை எடுத்து வரவில்லை. பாப்பா பார்த்தால் அந்த நிமிஷமே தெரிந்துபோகும். அந்த ஹாலில் எங்கே ஒளிப்பது? ஆறு வாரம்தானே, இத்தனை வருஷம் விழுங்கியது உடம்பில் ஊறி இருக்காதா என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். திரும்பி வந்தபின்னாவது தொடங்கியிருக்கலாம். மருந்து வாங்குகிற தேதி தவறிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மா திட்டுவார் என்று போகவில்லை. வீட்டுப் பாடம் செய்யாதவன் மாதிரி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினேன். உடம்பும் அப்போது நன்றாகத்தான் இருந்தது.

இங்கே டாக்டர் என் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு ரெண்டு கிருமி இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்காங்களே?" என்றார். இரண்டாவது ஹெபடைடிஸ் பி, ஈரலைப் பிடிக்கிற காமாலை. சொல்லியிருப்பார்கள் அக்கா. முதல் பெயரைக் கேட்டதும் என் காது அடைத்துவிட்டது. அதற்குப் பின் அவர்கள் பேசிய எதுவும் உள்ளே போகவில்லை. அன்றைக்கு நானும் உன்னைப் போலத் தலையை ஆட்டியிருப்பேன்.

"அப்போ இத்தனை வருஷம் ஏன் சார் ஒண்ணும் தெரியல?" என்று கேட்டேன்.

"அந்தக் கிருமி தானா ஈரலைத் தின்னாது. நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்திதான் அதைப் பார்த்துட்டு, அது குடியிருக்கிற ஈரலைப் போட்டு அடிக்கும். எச்.ஐ.வி. உங்க எதிர்ப்புச் சக்தியை அடக்கி வெச்சிருந்தது. அடிக்க ஆள் இல்ல, சத்தமும் இல்ல. ஆனா உள்ளுக்குள்ள ஈரல்ல தழும்பு விழுந்துட்டேதான் இருந்திருக்கு."

"மாத்திரை சாப்பிட்டுட்டுதானே இருந்தேன்?"

"அந்த ஒரே மாத்திரைதான் ரெண்டு கிருமியையும் கட்டிப் போட்டிருந்தது. உங்க எதிர்ப்புச் சக்தியும் திரும்பி வந்துச்சு. நீங்க நிறுத்தினதும் காமாலைக் கிருமி கட்டு அவிழ்ந்து பெருகிடுச்சு. இப்போ உடம்பு முழிச்சுட்டு இருக்கு, அடிக்குது. ஈரல் ஏற்கனவே தழும்பு விழுந்த ஈரல், தாங்கல."

"நான் நல்லா ஆனதுதான் தப்பாப் போச்சா சார்?"

"இல்ல. நிறுத்தினதுதான்."

மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பார்க்கலாம் என்கிறார்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் எச்.ஐ.வி.தான். காமாலை பி இன்னும் வரவில்லை, வராமல் இருக்கத் தடுப்பூசி போட்டார்களாம். எல்லா ஊசியும் போட்டு ரத்தத்தைச் சோதித்தால், எதிர்ப்பே உருவாகவில்லை. மறுபடி இரட்டை அளவில் போட்டார்களாம், ஏதோ கொஞ்சம் வந்திருக்கிறதாம். "நாய்க்குத் திருடனோட போட்டோவைக் காட்டினாங்க தம்பி. என் நாய் வாலை ஆட்டிடுச்சு" என்கிறார். வலியோடு சிரித்தேன்.

உனக்கும் பாப்பாவுக்கும் அப்படி ஆகாது. இரண்டு பேரும் ரத்தம் சோதித்துவிட்டு, அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். குளியலறையில் அத்தானின் சவரக் கத்தியை ஒருமுறை எடுத்துப் பயன்படுத்தினேன், அதை எறிந்துவிடு. சேர்ந்து சாப்பிட்டதால், ஒரே தம்ளரில் குடித்ததால் எதுவும் வராது. அதை மட்டும் நம்பு.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தம்பி

ஜூலை 7

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பா எழுதுவது. உங்களுக்குக் காய்ச்சல் உண்டா, தூங்குகிறீர்களா என்று கேட்டு எழுத வேண்டும். ஆனால் உங்கள் வார்டுக்குத் தினம் ஃபோன் செய்து நர்ஸிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் தெரியும்.

அம்மா ஏன் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை அம்மா கடையில் நின்றபடியே படித்தாள். ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நீங்கள் படுத்த தலையணையையும் போர்வையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். உங்கள் தம்ளரைக் குப்பையில் எறிந்தாள். "அதுல ஒண்ணும் ஒட்டாதும்மா" என்று கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவோடு சண்டை போடுவது கஷ்டம் மாமா. என் வாயைப் பார்க்காவிட்டால் அவளுக்கு நான் பேசாத மாதிரிதான்.

ரத்தம் சோதிக்கவும் வரமாட்டேன் என்றாள், யாராவது பார்த்துவிடுவார்களாம். நான் மட்டும் போனேன். எனக்கு எதுவும் இல்லை. முதல் ஊசி போட்டுக்கொண்டேன். கடையில் ஆள் இல்லாதபோது அம்மா "அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதுவாள். அதற்குமேல் எழுத வராமல் கிழித்துப்போடுவாள். குப்பைக் கூடை நிறைய நீங்கள்தான் இருந்தீர்கள்.

மாமா, எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் நீங்கள் இரண்டு நாள் வந்திருந்தபோது, பையில் இருந்து ஒரு மாத்திரை தரையில் உருண்டது. அந்த மாதம்தான் வகுப்பில் அதைப் பற்றிப் படித்திருந்தோம். எடுத்து உங்கள் பையிலேயே போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் போனபின் எதிர் வீட்டு அம்மா விஷயத்தில் வாயை விட்டுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, உங்கள் முகத்தை ஒருநாளும் அப்படி ஆக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அதனால்தான் இந்த முறை, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினமும் எழுந்து வாசலுக்குப் போவேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பேன். எதிர்முனையில் யாரும் இல்லை. நீங்கள் சங்கடப்படாமல் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான். நேரம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். நீங்கள் மாத்திரையே கொண்டு வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள்தானே நான். "மாமா, போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இதையெல்லாம் நேற்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மாவின் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு, "எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டாள். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

எனக்குத் தள்ளிப்போன செய்முறைப் பரீட்சை முடிந்ததும் நானும் வருவேன். அதுவரை இருங்கள் மாமா.

பாப்பா

ஜூலை 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடு. சேதியை லாரி டிரைவர் உனக்கு ஃபோனில் சொல்லியிருப்பார். உன் மாமாவை நேற்று எடுத்துவிட்டோம். பட்டறை முதலாளியும் மேஸ்திரியும் நாலைந்து பேரும் வந்தார்கள். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன்.

நான் போனபோது அவனுக்கு நினைவு இருந்தது. ஆள் பாதியாகி, வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. தோலெல்லாம் மஞ்சள். கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டான். உதட்டைப் பார்த்தேன், "தொடாதே" என்றான். அந்த ஒரு சொல்லைப் படிக்க எனக்குக் காது வேண்டியதில்லை. நான் விடவில்லை. ஒரு மாதமாக ஒரு வரி எழுதாதவளை அவன் எதுவும் கேட்கவில்லை. "தையல் ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டான்.

உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். மெதுவாகப் படிப்பதாகத்தான் எனக்கு நினைப்பு. வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன், பிறகு டிரைவர் சொன்னார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்த இடம் வந்ததும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்தது, கையால் அழுத்திக்கொண்டான். ஏதோ சொன்னான். உதடெல்லாம் வெடித்திருந்தது, எனக்குப் பிடிபடவில்லை. டிரைவர் என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினார்: "பாப்பா யாரையோ லவ் பண்ணுதுன்னு நெனச்சாராம்! அந்தப் பையன்கிட்ட பேசத்தான் தினம் வெளியே போகுதுன்னு நெனச்சாராம்! உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு, 'பாப்பா எங்கே'ன்னு நீங்க கேக்கறப்பல்லாம் ஏதாவது சொல்லி மறைச்சாராம்!"

நான் கேட்டது உண்மைதான். துணி எடுக்கப் போயிருக்கா, தோழி வந்திருக்கா என்று தினம் ஒன்று சொல்வான்.

சிரித்துக்கொண்டேதான் கண்ணை மூடினான். அதற்குப் பின் சரியான நினைவு வரவில்லை. யார் யாரையோ கூப்பிட்டான், கண்ணாடி வெட்டுகிற மாதிரி விரலை இழுத்துக்கொண்டே இருந்தான். மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

நீ உன்னைப் போட்டு வருத்திக்கொள்வாய் என்று தெரியும். வேண்டாம். அவன் பயந்தது உன் படிப்பைப் பார்த்து இல்லை. தெரிந்தால் நான் என்ன செய்வேனோ என்றுதான் பயந்தான். நான் என்ன செய்தேன் என்பதை நீதான் கொல்லையில் நின்று பார்த்தாயே. அவன் கணித்தது சரியாகத்தான் இருந்தது. இனிமேல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்து நான் முகத்தைத் திருப்பினால், தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பிவிட்டுச் சொல்.

அடுத்த வாரம் உனக்கு இரண்டாவது ஊசி. கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் போட்டுக்கொள். இங்கே என் ரத்தத்தையும் பார்த்தார்கள், எதுவும் இல்லையாம். எனக்கும் இன்று காலை முதல் ஊசி போட்டார்கள். வரிசையில் நின்றுதான் போட்டுக்கொண்டேன், யார் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகட்டும். இடது தோள் கன்றி வலிக்கிறது. உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது, வலித்தால் வலிக்கட்டும் என்று நர்ஸ் எழுதிக் காட்டினாள். இந்த வயதில் அதுவாவது கற்றுக்கொள்ளட்டும்.

அன்புடன்
அம்மா